பொன்விழா ஆவணப்படத்துக்கு வெளியிலிருந்து இயக்குநரை அமர்த்துவது எப்படி?

நீங்கள் கேட்டது இது. மாநில அரசுக்குக் கீழ் இயங்கும் ஒரு வாரியம், அடுத்த ஆண்டு பொன்விழா. அரை மணி நேர ஆவணப்படம் ஒன்று வேண்டும், வெளியிலிருந்து ஒரு இயக்குநரை அமர்த்தலாம் என்று மேலாண்மை இயக்குநர் சொல்லிவிட்டார், கோப்பு உங்கள் மேசைக்கு வந்துவிட்டது. டெண்டர் விடுவதா, பெயர் பெற்ற ஒருவரிடம் நேரடியாகக் கொடுப்பதா, பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுப்பது, எங்கே இடறுவோம்?

அரசுத் துறைகளுக்குப் படம் எடுத்துக் கொடுத்திருக்கிறேன், அப்படிப்பட்ட படங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் குழுக்களிலும் உட்கார்ந்திருக்கிறேன். என் அனுபவத்தில் இந்தப் படங்கள் கேமராவால் கெட்டுப்போவது அரிது. ஆள் வருவதற்கு முன்பே, அலுவலகத்துக்குள் முடிவு செய்யாமல் விட்ட விஷயங்களால்தான் கெட்டுப்போகின்றன. அதனால் டெண்டர் பேச்சைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் ஒன்றைக் கேட்கிறேன்: இந்தப் படத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?

விழா மேடையில் முதல்வரோ அமைச்சரோ உட்கார்ந்திருக்கும்போது திரையில் ஓடும் படம் ஒன்று. அது ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது, சாதனைகள் வரிசையாக வர வேண்டும், எண்கள் பெரிதாகத் தெரிய வேண்டும், இசை தூக்கி நிறுத்த வேண்டும். அதில் தவறே இல்லை, அந்த மேடைக்கு அதுதான் சரி. ஆனால் அது ஆவணப்படம் இல்லை. ஆவணப்படம் என்பது உங்கள் வாரியத்தில் அடுத்த ஆண்டு வேலைக்குச் சேரும் உதவிப் பொறியாளர் பார்க்க வேண்டியது, பத்து வருஷம் கழித்து ஒரு ஆராய்ச்சி மாணவர் தேடி வந்து பார்க்க வேண்டியது, வாரியத்தின் பெயரை ரசீதில் மட்டுமே பார்த்த குடும்பம் யூடியூபில் தற்செயலாகப் பார்த்து கடைசி வரை உட்கார வேண்டியது. இந்த இரண்டையும் ஒரே படத்தில் அடைத்தால் இரண்டும் கெடும். விழாப் படத்தைத் தனியாகப் பிரித்து, வழக்கமாக உங்களுக்கு வேலை செய்யும் விளம்பர நிறுவனத்திடம் கொடுத்துவிடுங்கள். கோப்பிலேயே இரண்டையும் தனித்தனி வேலையாக நோட் போட்டு ஒப்புதல் வாங்கிவிட்டால், ஆவணப்பட இயக்குநரின் தோளிலிருந்து பாதிச் சுமை அன்றைக்கே இறங்கிவிடும்.

அடுத்து, வெளியாள் எதற்கு என்று உங்கள் அதிகாரிகளில் சிலர் கேட்பார்கள், நம்மிடமே மக்கள் தொடர்புப் பிரிவு இருக்கிறதே என்று. இதற்கு நம் நாட்டிலேயே நல்ல முன்மாதிரி இருக்கிறது. பிலிம்ஸ் டிவிஷன் 1948-ல் தொடங்கிய மத்திய அரசு நிறுவனம், இப்போது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. அதற்குச் சொந்தமாக இயக்குநர்கள், கேமராமேன்கள், படத்தொகுப்பாளர்கள் எல்லாரும் இருந்தார்கள். இருந்தும் 1961-ல் தாகூர் நூற்றாண்டு வந்தபோது அந்தப் படத்தை வெளியில் இருந்த சத்யஜித் ராயிடம்தான் கொடுத்தார்கள். 1967-ல் சுதந்திரத்துக்கு இருபது ஆண்டு நிறைந்தபோது எஸ். சுக்தேவ் என்ற சுயாதீன இயக்குநரிடம் ஒரு படத்தைக் கொடுத்தார்கள். அவர் பின்னணிக் குரலே இல்லாமல், நாட்டின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை கண்ணில் பட்டதை மட்டும் அடுக்கி ஒரு படம் கொடுத்தார். அதே ஆண்டு எம்.எஃப். ஹுசேன் என்ற ஓவியரை ராஜஸ்தானுக்கு அனுப்பி அவர் இஷ்டத்துக்கு எடுக்கச் சொன்னார்கள், அந்தக் குறும்படத்துக்குப் பெர்லின் விழாவில் தங்கக் கரடி கிடைத்தது. உள்ளே இருந்தவர்களாலும் முடியும்தான்: அதே 1967-ல் பிலிம்ஸ் டிவிஷனின் சொந்த இயக்குநரான எஸ்.என்.எஸ். சாஸ்திரி, 1947-ல் பிறந்த இளைஞர்களைத் தேடிப்போய்ப் பேசவிட்டு ஒரு படம் எடுத்தார். அவர்கள் நாட்டைப் பற்றி நம்பிக்கையாகவும் பேசினார்கள், ஏமாற்றமாகவும் பேசினார்கள், இரண்டும் படத்தில் இருந்தன. அரசுப் பணத்தில், பெரும்பாலும் ஆண்டு விழாவை ஒட்டி எடுத்த படங்கள் இவை. இன்றைக்கும் ஆட்கள் தேடிப் பார்க்கிறார்கள். உங்கள் கோப்பில் முன்னுதாரணம் என்ன என்று யாராவது எழுதிக் கேட்டால் இதையே பதிலாக எழுதலாம்.

வெளியாளுக்கு ஒரு நல்ல குணம் உண்டு, உங்களுக்குப் பழகிப்போனது அவருக்குப் புதிதாகத் தெரியும். குடிநீர் வாரியம் என்று வைத்துக்கொண்டால், தினமும் நீங்கள் தாண்டிப் போகும் அந்தப் பழைய வால்வு அறையில் அவர் அரை மணி நேரம் நிற்பார். ஆனால் அந்தக் கண்ணுக்காக அவரை அழைத்துவிட்டு, பிறகு கையில் முப்பது பக்க சாதனைப் பட்டியலைக் கொடுத்து இதெல்லாம் வர வேண்டும் என்றால், உள்ளேயே எடுத்திருக்கலாமே என்று ஆகிவிடும்.

சரி, டெண்டருக்கு வருவோம்.

தமிழ்நாட்டில் நீங்கள் கட்டுப்பட்டது 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் அதன் 2000-ஆம் ஆண்டு விதிகளும். எல்லாரும் பயப்படுவது எல்-1 என்ற சொல்லுக்குத்தான்: யார் குறைவாகக் கேட்கிறாரோ அவருக்குத்தானே கொடுக்க முடியும், அப்புறம் நல்ல இயக்குநர் எங்கே வருவார் என்று. சட்டத்தின் 10-ஆம் பிரிவைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். டெண்டர் ஆவணத்தில் முன்கூட்டியே சொல்லப்பட்ட, புறநிலையான, அளவிடக்கூடிய காரணிகளையும் அவற்றுக்குக் கொடுத்த எடையையும் வைத்துத்தான் குறைந்த ஒப்பந்தப்புள்ளி எது என்று கணிக்க வேண்டும் என்கிறது. அதாவது தரத்துக்கு மதிப்பெண் வைக்க இடம் இருக்கிறது, ஆனால் அதை டெண்டர் வெளியாவதற்கு முன்பே எழுதிவைத்திருக்க வேண்டும். உங்கள் நிதிப் பிரிவையும் சட்ட அலுவலரையும் ஆரம்பத்திலேயே கூப்பிட்டு உட்காரவைத்து இதைப் பேசி முடியுங்கள். மத்திய அரசு நிறுவனமாக இருந்தால் 2017-ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளில் 192-ஆம் விதி தரமும் விலையும் சேர்ந்த தேர்வு முறையைச் சொல்கிறது.

கணக்கு இப்படிப் போகும். தரத்துக்கு 70, விலைக்கு 30 என்று வைத்திருக்கிறீர்கள். முதல் நிறுவனம் 12 லட்சம் கேட்கிறது, தரத்தில் 100-க்கு 60 வாங்கியிருக்கிறது. இரண்டாவது நிறுவனம் 15 லட்சம் கேட்கிறது, தரத்தில் 85. குறைந்த விலைக்கு முழு 100 மதிப்பெண், மற்றதுக்கு விகிதப்படி, அதாவது 12-ஐ 15-ஆல் வகுத்தால் 80. முதல் நிறுவனத்துக்கு 42-ம் 30-ம் சேர்ந்து 72. இரண்டாவதற்கு 59.5-ம் 24-ம் சேர்ந்து 83.5. கூடுதலாக 3 லட்சம் கொடுத்து ஏன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கணக்குத் தணிக்கையில் கேட்டால் இந்தத் தாளே பதில். குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் கையெழுத்திட்ட மதிப்பெண் தாள் கோப்பில் இருக்க வேண்டும், ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் இரண்டு வரி காரணத்தோடு.

டெண்டர் இல்லாமல் பெயர் பெற்ற ஒருவரிடம் நேரடியாகக் கொடுக்க முடியாதா என்றால், வழி அடைத்துவிடவில்லை, ஆனால் குறுகலானது. மத்திய விதிகளில் 194-ஆம் விதி காரணத்தைப் பதிவு செய்து ஒருவரையே நியமிக்க அனுமதிக்கிறது. மாநிலச் சட்டத்தில் 16-ஆம் பிரிவில் விலக்குகள் இருக்கின்றன, ஒரே இடத்தில்தான் கிடைக்கும் என்ற நிலை அதில் ஒன்று. பொன்விழாப் படத்தை இன்னார் ஒருவரால்தான் எடுக்க முடியும் என்று மனசாட்சியோடு எழுத முடியாது என்பதால் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பதே என் கருத்து. உங்களுக்குப் பிடித்த இயக்குநர் நல்லவராக இருந்தால் போட்டியில் வந்து ஜெயிக்கட்டும். அவருக்கும் அதுதான் மரியாதை.

தகுதி நிபந்தனைகளில்தான் நிறையப் பேர் தங்களை அறியாமலேயே நல்ல ஆட்களை வெளியே தள்ளிவிடுகிறார்கள். பழைய டெண்டர் ஒன்றை எடுத்து, தேதியை மாற்றி அப்படியே விடுவதுதான் காரணம். கடந்த மூன்று ஆண்டுகளில் ஆண்டுக்கு இத்தனை கோடி விற்றுமுதல், சொந்த ஸ்டுடியோ, இத்தனை நிரந்தர ஊழியர்கள் என்று இருக்கும். ஆவணப்பட இயக்குநர் என்பவர் பெரும்பாலும் ஒரு லேப்டாப்பும் நாலு நல்ல தொழில்நுட்பக் கலைஞர்களின் தொலைபேசி எண்ணும் வைத்திருக்கும் தனி ஆள். கேமரா வாடகைக்கு வரும், தொகுப்பு அறையும் வாடகைக்கு வரும். அந்த நிபந்தனைகளைப் போட்டால் வருவது விளம்பர நிறுவனங்கள் மட்டுமே. அவர்கள் யாராவது ஒரு இளைஞரைக் குறைந்த சம்பளத்துக்குப் பிடித்து எடுத்துக் கொடுப்பார்கள், அந்த இளைஞரின் பெயர்கூட உங்களுக்குத் தெரியவராது. விற்றுமுதல் நிபந்தனையை வேலையின் மதிப்புக்கு ஏற்ற அளவுக்குக் குறையுங்கள். டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகையில் சிறு நிறுவனங்களுக்கு விலக்கு உண்டா என்பதை டெண்டரிலேயே தெளிவாக எழுதுங்கள். இயக்குநரின் பெயரை ஒப்பந்தத்தில் சேர்த்து, அவரை மாற்ற வேண்டுமென்றால் வாரியத்தின் எழுத்துபூர்வமான சம்மதம் தேவை என்று போடுங்கள்.

தொழில்நுட்ப உறையில், அதாவது விலை இல்லாமல் தரத்தை மட்டும் காட்டும் உறையில், என்ன கேட்பது? பழைய வேலைகளிலிருந்து துணுக்குகளைத் தொகுத்த ஷோரீல் கேட்காதீர்கள். இரண்டு நிமிட ஷோரீலில் யாருடைய படமும் அழகாகத்தான் இருக்கும். முழு நீள ஆவணப்படம் ஒன்றோ இரண்டோ கேளுங்கள், முதல் காட்சியிலிருந்து பெயர்ப் பட்டியல் வரை. குழுவில் உள்ளவர்கள் அதை உட்கார்ந்து முழுதாகப் பார்க்க வேண்டும். அந்தப் படத்தில் அதிகாரிகள் அல்லாதவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். ஒரு தொழிலாளியோ விவசாயியோ பேசும்போது அவர் கேமராவை மறந்து பேசுகிறாரா, சொல்லிக்கொடுத்ததை ஒப்பிக்கிறாரா? இது ஒன்றே இயக்குநரைப் பற்றிப் பாதி சொல்லிவிடும். கூடவே, உங்கள் வாரியத்தைப் பற்றி அவர் எப்படி ஒரு படத்தை யோசிக்கிறார் என்று இரண்டு பக்கக் குறிப்பு கேளுங்கள். முழுத் திரைக்கதை கேட்பது நியாயமில்லை. வேலை கிடைக்குமா என்று தெரியாதவரிடம் ஒரு மாத உழைப்பை இலவசமாகக் கேட்பது அது. கடைசிச் சுற்றுக்கு வரும் மூன்று நான்கு பேருக்கு ஒரு சிறு தொகை கொடுத்து, களத்தைச் சுற்றிக்காட்டி, பிறகு அவர்களிடம் விரிவாகக் கேட்டால் கிடைக்கும் யோசனைகள் வேறு தரத்தில் இருக்கும். நேர்முகத்துக்கு இயக்குநரே வர வேண்டும், நிறுவனத்தின் மார்க்கெட்டிங் மேலாளர் மட்டும் வந்தால் போதாது என்றும் எழுதிவிடுங்கள்.

குழுவில் யார்? தலைமைப் பொறியாளர், நிதி, மக்கள் தொடர்பு, இது வழக்கம். சினிமா தெரிந்த வெளியாள் ஒருவர் கட்டாயம் வேண்டும். சென்னை தரமணியில் உள்ள அரசுத் திரைப்படக் கல்லூரியிலிருந்து ஒரு ஆசிரியரைக் கேட்டால் கோப்பிலும் அது வலுவாக நிற்கும்.

பணம். எவ்வளவு ஆகும் என்று ஒற்றை எண்ணாகச் சொல்ல முடியாது, சொன்னால் பொய்யாகிவிடும். எத்தனை நாள் படப்பிடிப்பு, எத்தனை ஊர், பழைய காட்சிகளுக்கு எவ்வளவு உரிமைத் தொகை, தொகுப்புக்கு எத்தனை வாரம், இசை புதிதாகப் போடுவதா, இதெல்லாம் சேர்ந்துதான் தொகை. உங்களிடம் எவ்வளவு இருக்கிறதோ அந்த உச்சவரம்பை டெண்டரில் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். மறைத்து வைத்தால் ஒருவர் நாலு நாள் படப்பிடிப்பை நினைத்து ஒரு விலை போடுவார், இன்னொருவர் இருபது நாளை நினைத்து இன்னொன்று போடுவார், எதை எதோடு ஒப்பிடுவீர்கள்? ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் பில்லில் 18 சதவீத ஜிஎஸ்டி சேரும், அது தொகைக்குள் அடங்குமா வெளியேயா என்று சொல்லுங்கள். ஒப்பந்த மதிப்பு 2.5 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி சட்டப்படி தொகையில் 2 சதவீதம் நீங்கள் பிடித்தம் செய்வீர்கள், வருமான வரிப் பிடித்தம் தனி. இதையெல்லாம் சிறிய இயக்குநர்கள் முன்கூட்டிக் கணக்கிடத் தெரியாமல் நடுவழியில் திணறுவார்கள், முதல் கூட்டத்திலேயே உட்காரவைத்து விளக்கிவிடுங்கள்.

தவணைகளை அவர் வேலைக்கு ஏற்றபடி பிரியுங்கள். படம் முடிந்து ஒப்படைத்த பிறகு மொத்தமாகத் தருகிறோம் என்றால், தனி இயக்குநர் கடன் வாங்கித்தான் உங்கள் படத்தை எடுப்பார், செலவு கூடும் என்று தெரிந்தால் படப்பிடிப்பு நாளைக் குறைப்பார். மத்திய விதிகள் தனியாருக்கு ஒப்பந்த மதிப்பில் 30 சதவீதம் வரை வங்கி உத்தரவாதத்தின் பேரில் முன்பணம் கொடுக்க இடம் தருகின்றன. உங்கள் விதிகளில் என்ன இடம் இருக்கிறது என்று நிதிப் பிரிவிடம் கேளுங்கள். ஆராய்ச்சிக் குறிப்பு ஒப்படைத்ததும் ஒரு பகுதி, படப்பிடிப்பு முடிந்து காட்சிப் பதிவுகளின் நகல் கைக்கு வந்ததும் ஒரு பகுதி, முதல் கட், அதாவது தொகுத்த படத்தின் முதல் வடிவம், காட்டியதும் ஒரு பகுதி, இறுதிப் பிரதியோடு மீதி என்று வைத்தால் இரண்டு பக்கமும் நிம்மதி.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது. முதல் கட் பார்க்கும் கூட்டம்.

கூட்ட அரங்கில் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். படம் ஓடி முடியும். விளக்கு போட்டதும் முதலில் பேசுபவர், எங்கள் வட்டத்தில் கட்டிய நிலையம் வரவில்லையே என்பார். அடுத்தவர், என் காலத்தில் வந்த விருது விட்டுப்போயிற்று என்பார். மூன்றாமவர், அந்த அம்மாள் தண்ணீர் வரவில்லை என்று சொல்வதை எடுத்துவிடுங்கள் என்பார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, எல்லாரும் தங்கள் பிரிவுக்காகப் பேசுகிறார்கள். ஆனால் இயக்குநர் அத்தனையும் குறித்துக்கொண்டு போய் சேர்த்துக் கொண்டுவந்தால், இரண்டாம் கட் ஆண்டறிக்கையைக் குரல் கொடுத்து வாசித்தது மாதிரி இருக்கும். நல்ல காட்சிகளோடு தொடங்கிய ஒரு படம் ஐந்தாவது திருத்தத்தில் ஆளே இல்லாத கட்டிடங்களின் வரிசையாக மாறியதை ஓர் அலுவலகத்தில் பார்த்திருக்கிறேன். அதற்குக் காரணம் இயக்குநர் இல்லை.

தடுக்க வழி உண்டு. படத்தின் உள்ளடக்கம் பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும், அவர் பெயரும் பதவியும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். மற்ற பிரிவுகள் சொல்வதெல்லாம் அவர் வழியாக மட்டும், ஒரே கடிதமாக, படத்தின் எந்த நிமிடம் எந்த நொடி என்ற குறிப்போடு, முதல் கட் காட்டிய 10 நாளுக்குள் போக வேண்டும். தகவல் பிழை என்றால் இயக்குநர் கட்டாயம் திருத்த வேண்டும், ரசனை சார்ந்த கருத்து என்றால் பரிசீலித்தால் போதும் என்று இரண்டையும் பிரித்து எழுதுங்கள். இரண்டு சுற்றுத் திருத்தம் ஒப்பந்தத் தொகைக்குள், அதற்கு மேல் போனால் தனிக் கட்டணம். இந்த ஒரு நிபந்தனையைப் பார்த்தே தேர்ந்த இயக்குநர்கள் உங்கள் டெண்டரில் கலந்துகொள்வார்கள்.

உங்கள் வாரியம் என்ன துறை என்று சொல்லவில்லை. உதாரணத்துக்கு சென்னையின் குடிநீர்க் கதையை எடுத்துக்கொள்கிறேன். வீராணம் ஏரியிலிருந்து சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் முதலில் தொடங்கிப் பாதியில் நின்று, ராட்சதக் குழாய்கள் சாலையோரம் ஆண்டுக்கணக்கில் கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கிருஷ்ணா நீர் ஒப்பந்தம் 1983-ல், தண்ணீர் பூண்டிக்கு வந்தது 1996-ல். புதிய வீராணம் திட்டம் நிறைவேறியது 2004-ல். 2010-ல் மீஞ்சூர், 2013-ல் நெம்மேலி என்று கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. அதற்குப் பிறகும் 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு ரயிலில் தண்ணீர் வந்தது. இந்தக் கதையில் கஷ்டமான வருஷங்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது திறப்பு விழாக் கல்வெட்டுகள் மட்டுமே. காய்ந்த ஏரியைக் காட்டினால்தான் அந்த ரயிலை ஏற்றி இறக்கிய ஊழியர்கள் ராத்திரி பகலாக என்ன செய்தார்கள் என்பதைக் காட்ட முடியும். உங்கள் வாரியத்துக்கும் இப்படி ஒரு வருஷம் இருந்திருக்கும். அதைப் படத்தில் வைக்க அனுமதி உண்டா என்று மேலாண்மை இயக்குநரிடம் இப்போதே, இயக்குநர் வருவதற்கு முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள். உண்டு என்றால் டெண்டரிலேயே ஒரு வரியாகப் போடுங்கள்.

ஆட்சி மாறிய கதையும் இதில் சேரும். ஐம்பது ஆண்டில் எத்தனையோ அரசுகள் வந்து போயிருக்கும். யார் திறந்துவைக்கும் காட்சியை வைப்பது, யாருடையதை விடுவது என்று மூச்சு முட்டும். ஒரு எளிய விதி உதவும்: பழைய காட்சி எந்த ஆண்டில் நடந்ததோ அந்த ஆண்டின் இடத்தில், அப்போது அங்கே யார் நின்றாரோ அவரோடு, வெட்டாமல் வரட்டும். வரலாற்றை வரிசைப்படி காட்டினால் யாரும் குறை சொல்ல முடியாது. வெளியீட்டுத் தேதி தேர்தல் நடத்தை விதிகள் அமலில் இருக்கும் காலத்தில் விழுகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழைய சரக்கு எங்கே கிடைக்கும்? முதலில் உங்கள் அலுவலகத்திலேயே. ஸ்டீல் பீரோவில் திறப்பு விழா ஆல்பங்கள், நிர்வாக அறிக்கைகள், வரைபட அறையில் டிரேசிங் தாளில் போட்ட பழைய வரைபடங்கள், ஏதோ ஒரு மூலையில் பீட்டாகேம், யூமாட்டிக், விஎச்எஸ் கேசட்டுகள் இருக்கும். கேசட்டுகளைக் கிடைத்த பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள். ஈரம் பட்டு ஒட்டிப்போன டேப் ஒருமுறை சிக்கினால் போயே போய்விடும், ஓடும் நிலையில் உள்ள டெக் வைத்திருக்கும் இடத்துக்கு அனுப்பி டிஜிட்டல் ஆக்க வேண்டும். பிலிம் சுருள் இருந்து டப்பாவைத் திறந்ததும் காடி வாடை அடித்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது, அதை முதலில் ஸ்கேனுக்கு அனுப்புங்கள். வெளியே என்றால் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், செய்தி மக்கள் தொடர்புத் துறையின் புகைப்படங்களும் தமிழரசு இதழும், 1975-ல் தொடங்கிய சென்னைத் தூர்தர்ஷன், பிலிம்ஸ் டிவிஷனின் செய்திப் படங்கள், நாளிதழ்களின் புகைப்படச் சேகரிப்பு. அனுமதிக் கடிதங்கள் வாரியத்தின் லெட்டர்ஹெட்டில், உங்கள் கையெழுத்தோடு போனால் கதவு சீக்கிரம் திறக்கும். இயக்குநர் தனியாகப் போனால் மாதக் கணக்கில் அலைவார்.

காட்சியே இல்லாத காலத்துக்கு என்ன செய்வது? சத்யஜித் ராய் தன் தாகூர் படத்தில் புகைப்படங்களையும் ஓவியங்களையும் வைத்தார், இளமைக் காலத்தை நடிகர்களை வைத்து எடுத்தார். அந்த வழி இன்றைக்கும் சரி. ஏஐ-யில் பழைய காலத்துக் காட்சி மாதிரி உருவாக்கிச் சேர்ப்பதை மட்டும் ஒப்பந்தத்திலேயே தடை செய்துவிடுங்கள். பொது நிறுவனத்தின் பொன்விழாப் படத்தை நாளைக்கு ஆதாரமாக எடுத்துக் காட்டுவார்கள், அதில் நடக்காத ஒன்று நடந்தது போல இருந்தால் மொத்தப் படத்தையும் நம்ப முடியாது.

ஓய்வு பெற்றவர்களின் பேட்டிகளுக்குத்தான் படப்பிடிப்பு நாளில் பெரும் பங்கு போக வேண்டும். அவர்களைத் தலைமை அலுவலகத்துக்கு வரவழைத்து, சால்வை போட்டு, பேனருக்கு முன் உட்காரவைத்தால் பேச வந்ததை மறந்துவிட்டு நன்றி சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அவர் வேலை பார்த்த இடத்துக்கே கூட்டிப்போங்கள். முப்பது வருஷம் பம்ப் ஓட்டியவர் அந்த அறைக்குள் நுழைந்ததும் கை தானாக அந்தச் சக்கரத்துக்குப் போகும், சத்தத்தைக் கேட்டே பேரிங் தேய்ந்திருக்கிறது என்பார். கேமரா அப்போது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஒலிக்கு, மேலே ஓடும் மின்விசிறியை நிறுத்திவிட்டு, சட்டையில் காலர் மைக் குத்தினால் போதும். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பொறுமையாக இருக்கும் இயக்குநருக்குத்தான் இரண்டாவது, மூன்றாவது பதிலில் நிஜம் கிடைக்கும். பேட்டி கொடுப்பவருக்கு மேலதிகாரியாக இருந்தவர் யாரும் அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

உரிமை விஷயத்தில் பலருக்குத் தவறான நிம்மதி இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவர்தான் படத்தின் முதல் உரிமையாளர். சட்டத்தால் அமைந்த பொது நிறுவனத்துக்கும் அதே பிரிவில் தனியாக இடம் உண்டு. ஆனால் அது முடிந்த படத்துக்கு. படத்தில் வராமல் போன பத்து இருபது மணி நேரக் காட்சிப் பதிவு, பேட்டிகளின் முழு ஒலி, தொகுப்பு மென்பொருள் கோப்புகள் இவை யாருக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் பின்னால் இழுபறிதான். எல்லாவற்றையும் இரண்டு தனித்தனி ஹார்டு டிஸ்க்கில், பெயர், இடம், தேதிப் பட்டியலோடு ஒப்படைக்க வேண்டும் என்று போடுங்கள். நூற்றாண்டு விழாவுக்குப் படம் எடுப்பவருக்கு முடிந்த படத்தைவிட அந்தப் பதிவுகள்தான் உபயோகமாக இருக்கும். பழைய புகைப்படம், இசை போன்றவற்றின் உரிமையை வாங்கும்போது 19-ஆம் பிரிவைக் கவனியுங்கள்: காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். யூடியூபில் போட்ட படத்துக்கு ஆறாவது ஆண்டில் உரிமைப் பிரச்சினை வருவது இப்படித்தான். சினிமாப் பாட்டு வேண்டவே வேண்டாம், புதிதாக இசை போட்டு எழுத்து மூலம் உரிமை வாங்குங்கள். இயக்குநருக்கும் சிலது கொடுக்க வேண்டும்: அவர் பெயர் படத்தில் வர வேண்டும், விழாக்களுக்கு அனுப்பவும் தன் வேலைக்கு மாதிரியாகக் காட்டவும் அனுமதி வேண்டும். திரையரங்கில் பொதுமக்களுக்குக் காட்டும் எண்ணம் இருந்தால் திரைப்படத் தணிக்கைச் சான்றுக்கு நேரம் ஒதுக்குங்கள். ட்ரோன் படப்பிடிப்புக்கு 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும், அதை வாரியமே விண்ணப்பித்து வாங்கித் தருவது நல்லது.

கால அட்டவணை. டெண்டர் மதிப்பு 2 கோடிக்குள் என்றால் விண்ணப்பிக்கக் குறைந்தது 15 நாள் கொடுக்க வேண்டும் என்பது விதி, இந்த வேலைக்கு ஒரு மாதம் முழுதாகவே கொடுங்கள். மதிப்பீடு, ஒப்புதல், ஒப்பந்தம் என்று இன்னும் ஒன்றரை இரண்டு மாதம் போகும். ஆராய்ச்சிக்கு இரண்டு மாதம், படப்பிடிப்புக்கு இரண்டு மாதம் (மழைக்காலமும் கோடையும் இரண்டுமே படத்தில் வேண்டும் என்றால் இன்னும் நீளும்), தொகுப்புக்கும் திருத்தத்துக்கும் மூன்று மாதம். கூட்டிப் பார்த்தால் ஒன்பதரையிலிருந்து பத்து மாதம். உங்களுக்கு இருப்பது ஒரு வருஷம் என்றால் இந்த மாதமே தொடங்கியாக வேண்டும். ஏற்கெனவே ஐந்து மாதம்தான் இருக்கிறது என்றால், விழா நாளுக்கு அந்த ஆறு நிமிடப் படத்தைக் காட்டிவிட்டு, பொன்விழா ஆண்டு முடிவதற்குள் ஆவணப்படத்தை வெளியிடுவோம் என்று மேலாண்மை இயக்குநரிடம் தேதி வாங்குங்கள். அவசரத்தில் எடுத்ததை விழா முடிந்த பிறகு யாரும் எடுத்துப் பார்க்கமாட்டார்கள்.

டெண்டருக்குக் காத்திருக்காமல் இன்றைக்கே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. ஓய்வூதியப் பிரிவில் பட்டியல் வாங்கி, எழுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களை முதலில் குறியுங்கள். உங்கள் பிரிவில் உள்ள ஒரு இளைஞரிடம் ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கருவியைக் கொடுத்து வாரத்துக்கு இரண்டு வீடுகளுக்கு அனுப்புங்கள். பேச்சை மட்டும் பதிவு செய்தால் போதும், வீட்டில் உள்ள பழைய புகைப்படங்களையும் செல்போனில் எடுத்துக்கொள்ளட்டும், எழுத்துபூர்வமான சம்மதமும் அப்போதே வாங்கிவிடட்டும். இயக்குநர் வந்து சேரும் நாளில் யாரைப் படம் பிடிக்க வேண்டும் என்று அந்தப் பதிவுகளைக் கேட்டே அவர் முடிவு செய்வார்.